எந்த ‘ஸ்ரார்’ வேண்டும், பிள்ளை?

குழு: கொக்குவில் வீடு
அப்பப்பா முகப்பில் ஒட்டிவைத்த அறிவித்தல்: இக்குழுவில் முழு வசனங்களில் மட்டுமே எழுத வேண்டும். குரல் பதிவுகளும் பொம்மைப் படங்களும் வேண்டாம்.

நான், மாலை 5.40
அனைவருக்கும் வணக்கம். பழுது பார்க்கும் வேலைக்குத் தரமான ஸ்ரார் ஸ்குறூ ட்றைவர் செற் ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போன மாதம் மலிவாகக் கிடைக்கிறதே என்று 115 துண்டுகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கினேன். நேற்று ஒரு மாணவன் திருத்தத் தந்த எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கொன்ரோலரைத் திறக்கப் போனபோது, முதலாவது ஸ்குறூவின் தலையைக் காயப்படுத்திவிட்டு, இரண்டாவதில் அந்த முனை முறிந்தே போய்விட்டது. படத்தைக் கீழே இடுகிறேன்.
[படம்]

பெரியப்பா, மாலை 5.52
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மகள். ஆறு இதழ்களில் மூன்று ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன, மற்ற மூன்றும் இல்லவே இல்லை. முறிந்த இடம் கற்கண்டை உடைத்ததுபோல மணிமணியாகத் தெரிகிறது. நல்ல உருக்கு முறிந்தால் அந்த இடம் இதைவிட எவ்வளவோ நுண்மையாக இருக்கும். பெட்டியின் மூடியில் ‘குரோம் வனேடியம்’ என்று நல்ல உருக்கின் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்திருப்பார்கள். எழுத்தை அடிப்பதற்கு வனேடியம் தேவையில்லைத்தானே.

அப்பப்பா, மாலை 5.58
பொருளுக்குள் போவதற்கு முன்னர் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘ஸ்ரார்’ என்று பிள்ளை எதைக் குறிப்பிடுகிறாள்? என் அறையில் மின்விசிறியைப் பூட்ட வந்தவர் சிலுவை போன்ற தலையைத்தான் ஸ்ரார் என்றார். படத்திலோ ஆறு இதழ் இருந்ததாக உன் பெரியப்பா சொல்கிறார்.

அத்தான், மாலை 6.07
அம்மப்பா கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கஸ்தூரியார் வீதியில் எங்கள் கடைக்கு வந்து ‘ஸ்ரார் ஒன்று தாருங்கள்’ என்பவருக்கு நாங்கள் மறுபேச்சில்லாமல் சிலுவைத் தலைக்கான பிலிப்ஸைத்தான் எடுத்துக் கொடுப்போம். ஊர் வழக்கு அப்படி. ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1930களில் அதற்குக் காப்புரிமை பெற்றுக் கார்த் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுபோனார். ஆறு இதழ் கொண்ட உண்மையான நட்சத்திரத்தின் பெயர் ரொர்க்ஸ்; அது 1967இல் அமெரிக்காவின் காம்கார் நிறுவனத்திலிருந்து வந்தது. ஆகவே கடையில் போய் ‘ஸ்ரார் செற்’ என்று மட்டும் கேட்டால் பிலிப்ஸ் செற்றோடுதான் வீடு வந்து சேர்வாய்.

நான், மாலை 6.11
எனக்கு இரண்டும் வேண்டும், அத்தான். கைத்தொலைபேசிகளும் மடிக்கணினிகளும்தான் அதிகம் வருகின்றன, இடைக்கிடை இப்படியான கொன்ரோலர்களும் வருகின்றன. ஆனால் பிலிப்ஸ் எப்போதும் வழுக்குகிறது, ரொர்க்ஸ் வழுக்குவதில்லை, முறிந்ததுதான் பிரச்சினை. அது ஏன் அப்படி?

அத்தான், மாலை 6.24
பிலிப்ஸ் தலையின் உட்சுவர்கள் கீழ்நோக்கிச் சரிந்து ஒடுங்குகின்றன. ஆகையால் நீ திருப்புகிற விசையில் ஒரு பங்கு முனையை மேலே தள்ளிவிடுகிறது. அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்காவிட்டால் முனை துள்ளி வெளியே வந்து தலையை உழுதுவிடும். ரொர்க்ஸின் சுவர்கள் ஏறத்தாழ நேர்க்குத்தானவை, எனவே அது மேலே ஏறாது. ஏற வழியில்லாத விசை முழுவதும் முனையிலேயே விழுவதால், உருக்கு மட்டமாக இருந்தால் முனைதான் பலி.

உன் கொன்ரோலரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதன் ஸ்குறூத் தலையின் நடுவில் ஊசிபோல ஒரு முள் நிற்பதைப் பார்த்திருப்பாய். கண்டவர்கள் திறக்கக் கூடாதென்று வைத்த முள் அது. அதற்கு ரொர்க்ஸில் ரி8 என்ற அளவில், நடுவில் துளையுள்ள முனை வேண்டும். துளையுள்ள முனை முள் இல்லாத சாதாரண ரொர்க்ஸையும் திறக்கும், ஆனால் நடுவில் உருக்கு இல்லாததால் அதன் பலம் குறைவு. செற் வாங்கும்போது ரி8, ரி10 இரண்டும் துளையோடும் துளையில்லாமலும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார். எல்லா முனைக்கும் துளை போட்டு ‘இரண்டுக்கும் உதவும்’ என்று விற்கிற செற்றுகள் எனக்குப் பிடிப்பதில்லை.

நான், மாலை 6.29
துளையுள்ளதைத்தான் பாவித்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: ரி8 என்று எழுதியிருந்த முனை ஆட்டம் கண்டதால் ரி9ஐப் போட்டு அமத்தினேன், அது உள்ளே இறங்க மறுத்தது, பிறகு திரும்பவும் ரி8ஐப் போட்டேன்.

அத்தான், மாலை 6.33
ரி8இன் குறுக்களவு 2.3 மில்லிமீற்றர், ரி9 ஏறத்தாழ 2.5, ரி10 ஏறத்தாழ 2.7. ஒவ்வொன்றுக்கும் இடையில் வெறும் 0.2 மில்லிமீற்றர்தான் இருக்கிறது. இவ்வளவு நெருக்கமான அளவுகளில் முனையை அச்சொட்டாகக் கடையாமல் விட்டால் ரி8 என்று எழுதியிருப்பதற்கு அர்த்தமே இல்லை. உன்னுடையது ஆடியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். 115 துண்டுகளில் நீ பாவித்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தாயா?

நான், மாலை 6.36
ஒன்பது முனைகளைப் பாவித்திருக்கிறேன். மிச்சத்தில் பாதி என்ன வடிவமென்றே எனக்குத் தெரியாது.

பெரியப்பா, இரவு 7.15
நான் விளக்கேற்றிவிட்டு வந்து இப்போதுதான் வாசித்தேன். பிலிப்ஸ் வழுக்குவதைப் பற்றி மருமகன் சொன்னது சரி, ஆனால் அது பாதிக் கதைதான்.

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சில துளி பெற்றோலை விட்டு உதைத்துப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், அதனால் புகைக்கரி படிந்து காபறேற்றரை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டிவரும். அப்போது என் கைக்கு வந்த ஹொண்டா சாலிகளிலும் எம்டி 90களிலும் காபறேற்றரின் அடிக்கிண்ணத்தைப் பிடிக்கும் ஸ்குறூக்கள், எலி கரம்பியதுபோலத் தலை தேய்ந்துதான் இருக்கும். நானும் பல ஆண்டுகளாக ஸ்குறூவைத்தான் குறை சொன்னேன். கடைசியில் பழுது ஸ்குறூவில் இல்லை. யப்பான்காரன் போட்ட சிலுவை, பிலிப்ஸைப் போலத் தோன்றினாலும் பிலிப்ஸ் அல்ல. அது அவர்களுடைய ஜேஐஎஸ் என்ற நியமத்தின்படி வெட்டப்பட்டது. பிலிப்ஸ் முனை அதற்குள் முழு ஆழத்துக்கு இறங்காமல் இடையில் முட்டிக்கொண்டு நிற்கும், திருப்பியவுடன் துள்ளும். பல யப்பான் ஸ்குறூக்களின் தலையில் சிலுவைக்குப் பக்கத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம்.

பிறகு யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெசல் என்ற யப்பான் ட்றைவர் ஒன்று கிடைத்தது. ஒசாகாவில் 1916 முதல் இருக்கிற நிறுவனம் அது. அதைச் சாலியின் ஸ்குறூவில் வைத்த அன்று, பூட்டுக்குள் அதற்குரிய சாவி போவதுபோல ‘டக்’ என்று இறங்கி அமர்ந்தது. இன்றைக்கும் அதே ட்றைவரைத்தான் வைத்திருக்கிறேன்; பிலிப்ஸ் தலையிலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. யப்பான் கமெராவோ பழைய றேடியோவோ உன்னிடம் வந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்.

அம்மா, இரவு 7.22
வீட்டில் பிளக் பூட்டுவதற்கும் இதே செற்றைப் பாவிக்கலாமா?

அத்தான், இரவு 7.26
வேண்டாம், மாமி. பிளாஸ்ரிக் பிடி இருப்பதால் மட்டும் ஒரு ட்றைவர் மின்காப்பு ஆகிவிடாது. கரண்ட் வேலைக்கென்று ஐஈசீ 60900 நியமத்தில் செய்தவை தனியாக வருகின்றன. தண்டு முனைவரை உறையிட்டிருக்கும், பிடியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அதில் ஒன்றை நானே கொண்டுவந்து தருகிறேன். அதை வைத்திருந்தாலும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சுவிஸ் சித்தி, இரவு 7.48
இங்கே இப்போதுதான் வேலை முடிந்து பேருந்தில் இருக்கிறேன். நாங்கள் இருக்கிற பேர்ண் மாநிலத்திலேயே, எமென்ரால் பகுதியில், பிபி சுவிஸ் ரூல்ஸ் என்ற ஸ்குறூ ட்றைவர்த் தொழிற்சாலை இருக்கிறது. 1878இல் தொடங்கிய நிறுவனம். சித்தப்பா வேலைத்தளத்தில் அவர்களுடைய ட்றைவரைத்தான் பாவிக்கிறார், ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் பொறித்திருப்பார்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர் நாங்கள் வருகிறோம், வேண்டுமானால் வாங்கி வரலாம். பெரியத்தானுக்கு எதுவும் வேண்டுமா என்று அவரையும் கேட்கச் சொன்னார்.

பெரியப்பா, இரவு 7.55
எனக்கு வெசல் போதும், தங்கச்சி. கொண்டுவந்தால் பிள்ளைக்கே கொண்டுவா. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், பெரிய பெட்டிக்குள் வை.

நான், இரவு 8.02
மிக்க நன்றி, சித்தி. ஆனால் கொடியேற்றம் வரைக்கும் காத்திருக்க முடியாது, அந்த மாணவன் நாளைக்கே வந்து நிற்பான். இங்கே வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது, அத்தான்? ஸ்ரான்லி கம்பனியின் செற் நல்லதா?

பெரியப்பா, இரவு 8.04
ஸ்ரான்லி வீதியில் வாங்குவதெல்லாம் ஸ்ரான்லி ஆகிவிடாது என்பதை மட்டும் முதலில் சொல்லிவைக்கிறேன்.

அத்தான், இரவு 8.20
மாமா பகிடியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். பெயரைப் பார்த்துப் போலியை வாங்குவதைவிட முனையைப் பார்த்து வாங்குவது நல்லது. கடைக்கு வரும்போது நீ வழக்கமாகக் கழற்றும் ஸ்குறூக்களில் நாலைந்தை ஒரு சிறு குப்பியில் போட்டுக்கொண்டு வா. முனையை ஸ்குறூவில் செருகிக் கிடையாகப் பிடி. தலை ஆடாமல், பல்லுப் பிடித்ததுபோல நிற்க வேண்டும். பிறகு போன் கமெராவால் முனையைப் பெரிதாக்கிப் பார். விளிம்புகள் கூராகவும் இதழ்கள் ஒன்றுபோலவும் இருக்க வேண்டும். மெழுகு உருகியதுபோல மழுங்கலாக இருந்தால், அல்லது மேற்பூச்சு தடிப்பாகப் பள்ளங்களை அடைத்திருந்தால் வைத்துவிடு. அரத்தால் ஒருமுறை உரசிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், நல்ல முனையில் அரம் வழுக்கிக்கொண்டு போகும்; ஆனால் எந்தக் கடைக்காரரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார், நான் உட்பட.

சிறிய முனைகளுக்கு எஸ்2 என்ற உருக்கையே கேள். அதன் கடினம் றொக்வெல் அளவில் 58 முதல் 60 வரை வரும், குரோம் வனேடியம் பொதுவாக அதைவிட மென்மையானது. பிலிப்ஸ் 2 என்ற பெரிய அளவுக்குக் குரோம் வனேடியம் போதும், அது முறியாமல் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும்.

உன் வேலைக்குப் பிலிப்ஸில் மூன்று பூச்சியம் (000) என்ற மிகச் சிறிய அளவு முதல் 1 வரையும், ரொர்க்ஸில் ரி3 முதல் ரி10 வரையும் வேண்டும். ஐபோனின் அடியில் இருக்கிற ஐந்து இதழ் ஸ்குறூவுக்கு 0.8 மில்லிமீற்றர் பென்ராலோப் வேண்டும். ஆறு இதழென்று நினைத்து ரொர்க்ஸை நுழைத்தால் அவ்வளவுதான். 2016இல் வந்த ஐபோன் 7 முதல் உள்ளே மூன்று கால் ‘வை’ வடிவ ஸ்குறூவும் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள். இவை எல்லாம் சேர்ந்தாலும் இருபத்தைந்து முனைக்கு மேல் வராது. முனைகளின் அடி 4 மில்லிமீற்றர் அறுகோணமாக இருக்கட்டும், பின்னர் ஒன்று முறிந்தால் அதை மட்டும் தனியாக வாங்கலாம்.

அப்பப்பா, இரவு 8.31
பிடியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே.

அத்தான், இரவு 8.37
சொல்ல மறந்துவிட்டேன், அம்மப்பா. சிறிய ட்றைவரின் உச்சியில் தனியாகச் சுழலும் மூடி இருக்க வேண்டும். சுட்டுவிரலால் அதை அமத்திக்கொண்டு மற்ற விரல்களால் திருப்பினால் அழுத்தமும் திருப்பமும் ஒன்றையொன்று குழப்பாது. இன்னொன்று, முனையை மாற்றிப் போடுகிற ட்றைவரின் கழுத்துத் தடிப்பு. சார்ஜர்களிலும் பிறிண்டர்களிலும் ஸ்குறூக்கள் ஒடுங்கிய ஆழக் குழிக்குள் இருக்கும், தடித்த கழுத்து அங்கே இறங்காது. அதற்காகப் பிலிப்ஸ் 0, பிலிப்ஸ் 1, ரி8 மூன்றையும் நீண்ட தண்டோடு முழு ட்றைவராகத் தனியே வாங்கிக்கொள். துளையுள்ள ரி8 ஒன்றை இன்றைக்கே கடை பூட்டிவிட்டு வரும் வழியில் தந்துவிட்டுப் போகிறேன், செற்றை ஆறுதலாகப் பார்த்து வாங்கலாம்.

நான், இரவு 9.48
அத்தான் தந்த ட்றைவர் காயப்பட்ட ஸ்குறூவிலும் இறங்கிப் பிடித்துக்கொண்டது. பிடியின் தலையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினேன். நான்கு ஸ்குறூவும் கழன்றுவிட்டன. ஆனால் மூடி இன்னும் நடுவில் இறுக்கமாக இருக்கிறது. நெம்பிப் பார்க்கட்டுமா?

அத்தான், இரவு 9.50
நெம்பாதே. பற்றரிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளின் நடுவை விரலால் தடவிப் பார், பள்ளமாக இருக்கும் இடத்தில் ஐந்தாவது ஸ்குறூ இருக்கிறது.

நான், இரவு 9.57
தாளுக்குக் கீழே அந்த ஐந்தாவது ஸ்குறூ இருந்தது. ட்றைவரின் நுனியில் ஒட்டிக்கொண்டே அது வெளியே வந்துவிட்டது.

அம்மா, இரவு 9.58
சரி. இனிச் சாப்பாடு.

அப்பப்பா, இரவு 9.59
அது முழு வசனமாகாது, மருமகள்.