பேட், டிஸ்க், நான்கு டயர்... எல்லாமே மாற்றச் சொல்கிறார்கள், உண்மையிலேயே தேவையா?

கேள்வி:

வணக்கம். என் கார் வாங்கி ஐந்தரை வருடம், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் சர்வீஸுக்கு விட்டேன். முன்பக்க பிரேக் பேட், அது பிடிக்கிற டிஸ்க், நான்கு டயர் எல்லாம் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரேயடியாக அவ்வளவு செலவு செய்ய இப்போது முடியாது. ஆனால் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் வருகிற வண்டி, பிரேக் விஷயத்தில் காசு பார்க்கவும் மனம் வரவில்லை.

நான் கவனித்ததைச் சொல்கிறேன். காலையில் வண்டியை எடுத்ததும் முதல் நாலைந்து முறை பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. லிட்டருக்கு 17 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி நாலு மாதமாக 15ஐத் தாண்டவில்லை. முன் இடது டயரில் உள்பக்க ஓரம் மட்டும் மொட்டையாகிக்கொண்டு வருகிறது. காற்று மாதம் ஒரு முறை தவறாமல் அடிக்கிறேன். டயரின் பக்கவாட்டில் 44 என்று போட்டிருக்கிறது, அதனால் 40 வைக்கிறேன். எதை இப்போதே மாற்ற வேண்டும், எது பொறுக்கும்?

பதில் 1:

எதற்கும் இப்போதே தலையாட்டாதீர்கள். "தேய்ந்துவிட்டது" என்று சொன்னால் எவ்வளவு என்று மில்லிமீட்டரில் கேளுங்கள். பேட் புதிதில் சுமார் 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் ஒன்று உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்கு மேல் இருந்து, வெடிப்போ ஆழமான பள்ளமோ இல்லாமல், பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கும் உதறாமல் இருந்தால் அந்த டிஸ்க்கை ஏன் கழற்றிப் போட வேண்டும்?

காலைச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். டிஸ்க் வார்ப்பிரும்பு. ராத்திரி ஈரத்தில் மெல்லிதாகத் துரு படியும், முதல் சில பிடியில் பேட் அதைத் துடைத்துவிடும். பேட் தீரும்போது வருகிற சத்தம் வேறு. பல பேட்களில் சின்ன இரும்புத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள், பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அது காலையோடு நிற்காது. அதையும் கேட்காமல் ஓட்டினால் இரும்போடு இரும்பு அரைபட்டு நல்ல டிஸ்க்கும் வீணாகும்.

எனக்கு உறுத்துவது உங்கள் மைலேஜ்தான். ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகம். ஒரு சோதனை செய்யுங்கள்: காலி ரோட்டில் இருபது நிமிடம், பிரேக்கை முடிந்தவரை குறைவாகப் போட்டு ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதுதான் உங்கள் பெட்ரோலைக் குடிக்கிறது.

என் வண்டியில் முன் வலது சக்கரம் இப்படித்தான் ஆனது. கழற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பேட்களை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு விரல் நீளத்தில் இரண்டு இரும்புப் பின் (pin) இருக்கும். கையால் இழுத்தாலே வர வேண்டிய பின்னைத் தட்டித் தட்டித்தான் எடுத்தார்கள். அதிலிருந்த கிரீஸ் காய்ந்த கோந்து மாதிரி ஒட்டியிருந்தது, முனையில் செந்துரு. ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. அதே சக்கரத்தில் ஒரு பேட் 7 மி.மீ., இன்னொன்று 2. பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வருகிற கிரீஸைத் தடவி, புது உறை போட்டார்கள். அப்புறம் விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பேட்டை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் அந்தப் புது பேட்டும் அதே கதிக்குத்தான் போயிருக்கும். சாதாரண கிரீஸைத் தடவ விடாதீர்கள், ரப்பர் ஊதிப்போய் மறுபடியும் இறுகிவிடும்.

காற்று விஷயம். டயரில் போட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கரில் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். அதிகம் வைத்தால் நடுப்பகுதி தேயும், ரோட்டில் பதிகிற பரப்பு குறைந்து பிடிமானமும் போகும். குறைவாக வைத்தால் இரண்டு ஓரமும் தேயும், டயர் சூடேறும், மைலேஜும் அடிபடும். நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் எரிபொருள் கூடுதலாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. கேட்கச் சிறிதுதான், 8 பிஎஸ்ஐ குறைந்த வண்டிகள் எத்தனையோ ஓடுகின்றன. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளக்க வேண்டும். ஓடி வந்த சூட்டில் அளவு கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

உள்பக்க ஓரம் மட்டும் தேய்வது காற்றால் வருவதில்லை, அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கிற கோணம் தவறியிருப்பது. அதைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

பதில் 2:

அவர் சொன்னதெல்லாம் சரி. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியதை முன்னால் போடுங்கள். திரும்புவதும் முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கும் அங்கேதான்.

பதில் 1 எழுதியவர்:

மன்னிக்கவும், இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன் சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் பட்டன் (டயர் மேலுள்ள வெட்டுப் பள்ளம்) ஆழமாக உள்ள ஜோடி பின்னால்தான் போக வேண்டும். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் பிடிமானம் திரும்பும், பெரும்பாலானவர்களால் சமாளிக்க முடியும். பின் டயர் முதலில் வழுக்கினால் வால் சுழன்று வண்டியே திரும்பிவிடும். அதைப் பிடித்து நிறுத்தப் பழக்கம் வேண்டும். குடும்பத்தோடு போகிற வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணா. வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சக்கரங்களைக் கழற்றி அளக்கச் சொன்னேன். முன் இடதுதான் அனலாக இருந்தது! அதில் ஒரு பேட் 3, இன்னொன்று 6. வலது பக்கம் இரண்டும் 5. டிஸ்க் 21.2 மி.மீ. இருக்கிறது, பொறித்திருக்கும் குறைந்தபட்சம் 19. டயர் பட்டனின் ஆழம் பின்னால் 5 மி.மீ., முன் வலது 4. முன் இடது வெளியே 4, உள்ளே 1.5தான். கதவு ஸ்டிக்கரில் 33. பிரேக் ஆயில் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை, ஆனால் அளவு சரியாகத்தான் இருக்கிறது.

பதில் 1 எழுதியவர்:

அப்போ டிஸ்க் வேண்டாம். முன்பக்க பேட்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், காலிப்பர் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனும் சுலபமாகத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடது டயரின் உள் ஓரம் குறைந்தபட்ச ஆழமான 1.6 மி.மீ.க்கும் கீழே போய்விட்டது, இனி மழையில் எடுக்காதீர்கள். புதிதாக இரண்டு வாங்கிப் பின்னால் போட்டு, இப்போது பின்னால் உள்ளவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். அவற்றுக்கும் வயது ஐந்தரை ஆகியிருந்தால் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் நான்கையும் மாற்றுவதுதான் நியாயம். எப்போது செய்தது என்பது டயரிலேயே இருக்கும்: கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம்.

பிரேக் ஆயிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அளவு சரியாக இருப்பது போதாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 டிகிரிதான். அதனால்தான் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். நான் நாலு வருடம் மாற்றாமல் மலையிறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனது. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கியருக்கு இறக்கி, மிதியைத் திரும்பத் திரும்ப அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து ஓரங்கட்டினேன். இறங்கி நின்றபோது கால் நடுங்கியது. உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. அன்றிலிருந்து இறக்கத்தில் கியரில்தான் இறங்குகிறேன்.

புது பேட் போட்டதும் வண்டியை நகர்த்தும் முன் நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து முறை அழுத்துங்கள். பேட் மாட்ட பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதி தரை வரை போகும். மிதி கெட்டியானதும் எடுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.