மோட்டரைப் போட்டதும் ஏடிசி பஃபர் நின்றுவிடுகிறது, பதிவில் நாலுக்கு மூன்று குப்பை. உதவி தேவை

ஆலைத்தூசி:
வணக்கம், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். சம்மாந்துறையில் எனக்குத் தெரிந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரின் நெல் ஆலையில் ஒரு மோட்டர் அடிக்கடி சூடாகிறது, அது எடுக்கிற கரண்டைத் தொடர்ந்து பதிந்து பார்க்கலாமா என்று கேட்டார். நானும் பெரிய ஆள் மாதிரி ஓம் என்று சொல்லிவிட்டேன். ராஸ்பெரி பை, எம்சிபி3208 ஏடிசி (வோல்டேஜை 0 முதல் 4095 வரை 12 பிட் எண்ணாக மாற்றுகிற சிப்), சனல் 0 இல் கரண்ட் சிடி (கம்பியில் ஓடும் கரண்டை அளக்கிற டிரான்ஸ்ஃபோமர்), சனல் 1 இல் சின்ன டிரான்ஸ்ஃபோமர் வழியாக வோல்டேஜ். இரண்டையும் 3.3 வோல்ட்டின் பாதியில் தூக்கி வைத்திருக்கிறேன், அதனால் மோட்டர் ஓடாதபோது கரண்ட் சனல் 2048 பக்கத்தில் நிற்க வேண்டும்.

டிரைவர் கற்றுக்கொள்வதற்காக நானே எழுதியது, ஐஐஓ முறையில் (ஏடிசி, சென்சர் போன்றவற்றுக்கு லினக்ஸ் கேர்னலில் இருக்கிற அமைப்பு). ஒவ்வொன்றாக ஃபைலைத் திறந்து வாசித்தால் மதிப்பு வடிவாக வருகிறது, ஆனால் அப்படி வாசித்தால் இரண்டு வாசிப்புக்கு இடையிலான நேரம் ஒரே அளவாக இல்லை, 50 ஹேர்ட்ஸ் அலையை அதில் பார்க்கவே முடியாது. அதனால் டிரிகர்ட் பஃபர் சேர்த்தேன் (டிரிகர் அடிக்கும்போதெல்லாம் சனல்களை ஒரு தடவை வாசித்து, அந்த ஒரு ஸ்கானைச் சேர்த்து வைப்பது), கேர்னல் டைமரால் அடிக்கிற எச்ஆர்டைமர் டிரிகரை 1000 ஹேர்ட்ஸில் ஓட விடுகிறேன், ஒரு அலைக்கு 20 சாம்பிள். முதலில் பஃபர் எனேபிளில் 1 போட்டதும் இன்வாலிட் ஆர்கியுமென்ட் என்று திட்டியது, கேர்னல் லொக்கான டிமெசேஜில் ஒரு வரி கூட இல்லை, அரை நாள் போய்விட்டது. கரண்ட் டிரிகர் ஃபைலில் (இங்கே கரண்ட் என்றால் மின்சாரம் இல்லை, ‘இப்போதைய’) டிரிகரின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது மூன்று பிரச்சினை. ஒன்று, டைம்ஸ்டாம்பையும் சேர்த்து 1200 பைட்டாக வாசித்து 12 பைட் 12 பைட்டாகப் பிரிக்கிறேன் (2 சனலுக்கு 4, டைம்ஸ்டாம்புக்கு 8). முதல் பதிவில் கரண்டும் வோல்டேஜும் சரி, அடுத்த மூன்றும் குப்பை, ஐந்தாவது மறுபடி சரி. இரண்டு, பஃபர் ஓடிய பிறகு, டிரைவரில் மில்லிவோல்ட்டில் வைத்திருக்கிற ரெஃபரன்ஸ் வோல்டேஜை அச்சடித்துப் பார்த்தால் 3300 இருக்க வேண்டிய இடத்தில் 40 கோடிக்கு மேல் ஏதோ ஒரு எண். மூன்று, மோட்டரைப் போட்ட சில நொடிகளில் தரவு வருவதே நின்றுவிடுகிறது, எரர் எதுவும் இல்லை. வயரையெல்லாம் மாற்றிவிட்டேன், சம்மாந்துறைக்கு மூன்று தடவை பஸ் ஏறியாயிற்று.

வயல்கரை:
சாம்பிளிங், மட்டக்களப்பு என்று பார்த்ததும் கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் சத்தம் பதிகிறீர்களோ என்று ஆசையாகத் திறந்தேன், நெல் ஆலையா! மோட்டரைப் போட்டால் நிற்கிறது என்றால் எனக்கு ஏர்த்தில்தான் சந்தேகம். சிடி வயரை முறுக்கிப் போட்டிருக்கிறீர்களா? மோட்டர் கேபிளோடு ஒன்றாகக் கட்டி ஓட விட்டிருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள். ஆலைகளில் ஏர்த் கம்பி என்று ஒன்று சுவரில் தொங்கும், அது மண்ணுக்குள் போகிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஓடாவி:
தம்பி, மூன்றாவதுக்கு மறுகா வருகிறேன், ஹாண்ட்லர் (டிரிகர் அடித்ததும் ஓடுகிற ஃபங்ஷன்) கோடைப் பார்க்காமல் சொல்ல முடியாது. முதல் இரண்டும் ஒரே பிழை. நாலுக்கு ஒன்று சரியாக வருகிறது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஒரு ஸ்கான் 12 பைட் இல்லை, 16. டைம்ஸ்டாம்ப் 8 பைட் என்பதால் அது 8 ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்கும், உங்கள் 4 பைட்டுக்குப் பிறகு 4 பைட் வெறும் இடம். 16 ஆக வருவதை 12 ஆக வெட்டினால் 48 பைட்டுக்கு ஒரு தடவைதான் இரண்டும் ஒரே இடத்தில் சேரும், அதுதான் உங்கள் ஐந்தாவது பதிவு.

டிரைவரிலும் பஃபரை 12 பைட் அரேயாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டைம்ஸ்டாம்போடு தள்ளுகிற ஃபங்ஷன் 8 ஆவது பைட்டிலிருந்து 15 வரை எழுதும், உங்களிடம் இருப்பதோ 11 வரை. மீதி 4 பைட் பக்கத்து வீட்டுக்குள் போய் விழுகிறது, அந்த வீடு ரெஃபரன்ஸ் வோல்டேஜ். நானோ செகண்டில் எண்ணுகிற இன்றைய நேரத்தின் மேல் பாதி 40 கோடிச் சொச்சம்தான் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு சனல், அதற்குப் பிறகு 8 க்கு அலைன் செய்த 64 பிட் டைம்ஸ்டாம்ப் என்று ஒரு ஸ்ட்ரக்டாகவே எழுதுங்கள். அதை ஹாண்ட்லருக்குள் ஸ்டாக்கில் வைப்பதானால் முழுக்க சைபர் ஆக்கிவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் அந்த வெறும் 4 பைட்டில் கேர்னல் மெமரியின் பழைய துண்டு வெளியே போகும். எஸ்பிஐ (ஏடிசியோடு பேசுகிற பஸ்) எழுதும் வாசிக்கும் பஃபரை மட்டும் ஸ்டாக்கில் வைக்கவே வேண்டாம், டிஎம்ஏக்கு (சிபியு இல்லாமல் நேரே மெமரிக்குத் தரவு போகிற முறை) ஆகாது. ஸ்கிரிப்டையும் ஊகத்தில் எழுதாமல், ஸ்கான் எலிமென்ட்ஸ் ஃபோல்டரில் சனலுக்கு ஒரு டைப் ஃபைல் இருக்கிறது, அது சொல்கிறபடி வாசியுங்கள். பஃபர் லெங்த் எவ்வளவு? தொடாமல் விட்டால் அது 2 தான், 1000 ஹேர்ட்ஸுக்குப் போதாது.

ஆலைத்தூசி:
ஓடாவி அண்ணே, அப்படியே 12 பைட் அரேதான்! மாற்றினேன், 40 கோடி போய்விட்டது, டைம்ஸ்டாம்பும் ஒழுங்காக ஏறுகிறது. லெங்தை 1000 ஆக்கி வாட்டர்மார்க் (எத்தனை ஸ்கான் சேர்ந்த பிறகு எழுப்ப வேண்டும் என்பது) 100 போட்டேன், நொடிக்குப் பத்துத் தடவைதான் ஸ்கிரிப்ட் எழும்புகிறது.

ஆனால் நீங்கள் சொன்னபடி டைப் ஃபைலைப் பார்த்து ஸ்கிரிப்டை மாற்றியதும் மற்றது இன்னும் மோசம். மோட்டர் நிற்கும்போது கரண்ட் சனலில் 8, 264, 3847, 8, 3847, 520 என்று குதிக்கிறது. டைப் ஃபைலில் பிஇ, யு12, 16 என்று இருக்கிறது, அப்படியே பிக் எண்டியனாக (பெரிய பைட் முதலில்) எடுத்து 12 பிட்டுக்கு மாஸ்க் பண்ணுகிறேன். பழைய ஸ்கிரிப்டில் நாலுக்கு ஒன்றாவது சரியாக வந்தது.

ஹாண்ட்லர் சுருக்கமாக: முதலில் சனல் 0, பிறகு சனல் 1 வாசிப்பேன், ஒற்றை வாசிப்புக்கு வைத்திருந்த அதே ஃபங்ஷன்தான். பதிலில் நல் பிட் (மதிப்புக்கு முன்னால் சிப் எப்போதும் 0 ஆக அனுப்புகிற பிட்) 0 ஆக இல்லாவிட்டால் வாசிப்பு பிழை என்று அந்த இடத்திலேயே ரிட்டர்ன். இல்லாவிட்டால் பஃபருக்குத் தள்ளிவிட்டு, டிரிகருக்கு நோட்டிஃபை டன் சொல்லிவிட்டு முடிகிறது.

ஓடாவி:
வயரைத் தொடாதீர்கள். 2048 ஐ இரண்டு பைட்டாகப் பிரித்து இடம் மாற்றினால் 8. 2049 க்கு 264, 2050 க்கு 520. 2047 ஐ மாற்றி 12 பிட்டுக்கு மாஸ்க் பண்ணினால் 3847. உங்கள் ஏடிசி 2047 க்கும் 2050 க்கும் நடுவில் அழகாகத்தான் நிற்கிறது. அந்த ஃபங்ஷன் சிபியுவின் வரிசைக்கு மாற்றிய பிறகு மதிப்பைத் தருகிறது, ஒற்றை வாசிப்புக்கு அது சரி. நீங்களோ அதையே பஃபரில் போட்டுவிட்டு ஸ்கான் டைப்பில் பிக் எண்டியன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், வேறு ஏதோ டிரைவரைப் பார்த்து எழுதியது போல. சீனிப் போத்தலில் உப்பு என்று ஒட்டின கதை. ஸ்கான் டைப்பை ஐஐஓ சிபியு ஆக்குங்கள், அல்லது வந்த இரண்டு பைட்டை மாற்றாமல் அப்படியே தள்ளுங்கள். இரண்டில் ஒன்றுதான்.

இனி மூன்றாவது. அந்த இடையில் வருகிற ரிட்டர்ன்தான் கொல்கிறது. டிரிகர் அடித்ததும் எத்தனை பேர் வேலையை முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கை வைத்துக்கொள்ளும், நோட்டிஃபை டன் அதைக் குறைக்கும், அது சைபருக்கு வரும் வரை அடுத்த அடியை அது கவனிக்காது. நீங்கள் ஒரே ஒரு தடவை சொல்லாமல் வெளியேறினால் போதும், டைமர் பாட்டுக்கு ஓடும், ஹாண்ட்லரை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், எரரும் வராது. எந்த வழியில் வெளியேறினாலும் நோட்டிஃபை டன் வழியாகவே போகட்டும், பிழையான ஸ்கானைத் தள்ளாமல் விட்டால் போதும்.

இன்னொன்று, ஸ்கிரிப்டில் சனல் 1 ஐ மட்டும் எனேபிள் செய்து பாருங்கள். வோல்டேஜ் என்று நினைத்துக்கொண்டு கரண்டை வாசிப்பீர்கள். எந்தச் சனல் எனேபிள் என்று சொல்கிற ஆக்டிவ் ஸ்கான் மாஸ்கைப் பார்த்து நிரப்ப வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்துதான் வரும் என்று அவெய்லபிள் ஸ்கான் மாஸ்க்ஸில் சொல்லிவிட்டால் பிரித்துக் கொடுப்பதை ஐஐஓ பார்த்துக்கொள்ளும்.

வயல்கரை:
அப்போ என் ஏர்த் கதை வீணா?

ஓடாவி:
வீணில்லை. நல் பிட் ஏன் 1 ஆகிறது? அது மோட்டர் சத்தம்தான். சத்தம் வந்தால் ஒரு சாம்பிள் கெடலாம், டிரைவரே செத்துப்போகக் கூடாது, அதைத்தான் சொன்னேன்.

ஆலைத்தூசி:
எல்லாம் ஓடுகிறது. தள்ளாமல் விட்ட ஸ்கானை எண்ண ஒரு கவுண்டர் வைத்தேன். மோட்டர் தொடங்கும்போது 41 போனது. வயல்கரை சொன்னபடி சிடி வயரை முறுக்கி, மோட்டர் கேபிளிலிருந்து பிரித்து வேறு பக்கத்தால் இழுத்ததும் 3. ஏர்த் கம்பியைத் தேடிப் போனோம், ஒரு பழைய சாக்குக்குப் பின்னால் முடிகிறது, மண்ணைத் தொடவே இல்லை! காக்கா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, நேரே இலெக்ட்ரிசியனுக்குப் போன் எடுத்தார்.

அண்ணே, இனி இரண்டு சனலையும் பெருக்கி பவர் ஃபாக்டர் எடுக்கலாம்தானே?

ஓடாவி:
எடுக்கலாம், ஆனால் இந்தச் சிப்பில் இரண்டு சனலும் ஒரே நேரத்தில் பிடிபடுவதில்லை, ஒன்றுக்குப் பிறகு ஒன்று. 1 மெகாஹேர்ட்ஸ் கிளாக்கில் 24 பிட் என்றாலே 24 மைக்ரோ செகண்ட், மேலே எஸ்பிஐ கூப்பிடும் செலவு. இடைவெளி 100 மைக்ரோ செகண்ட் என்றால் 50 ஹேர்ட்ஸில் 1.8 பாகை பிசகும். இரண்டு வாசிப்பையும் ஒரே எஸ்பிஐ மெசேஜில் இரண்டு டிரான்ஸ்ஃபராகப் போட்டு, நடுவில் சிஎஸ் (சிப் செலக்ட் வயர்) மாறும்படி வையுங்கள், இடைவெளி குறையும், கிட்டத்தட்ட நிலையாகவும் இருக்கும். மிச்சத்தைக் கணக்கில் கழிக்கலாம்.

ஆலைத்தூசி:
சரி அண்ணே. வெள்ளிக்கிழமை ஆலை பூட்டு, சனிக்கிழமை போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.