புதுப்பிப்பு: சால்சாவும் நாடகமும்

இலையுதிர் கால மாலைகளில் சால்சா என்ற ஜோடி நடன வகுப்புக்குப் போவதா, அக்கம்பக்கத்தார் சேர்ந்து போடும் நாடகத்தில் சேர்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். "இரண்டையும் ஒரு கை பார்த்துவிடு" என்றவர்களுக்கு நன்றி. அப்படியே செய்தேன்.

சால்சாவில் எட்டு எண்ணிக்கை. அதில் ஆறு எண்ணிக்கைகளுக்குத்தான் கால் நகரும். 4, 8 வரும்போது அடி வைக்காமல் நிற்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அவசரப்படுவது அங்கேதான். ஜோடியை மாற்றி மாற்றி ஆடவிடுகிறார்கள். தனியாகப் போகலாமா என்று கேட்டவர் தாராளமாகப் போகலாம்.

நாடகத்தில் எனக்கு வசனம் கொஞ்சம்தான். ஆனால் ஒத்திகை அருமை! மேடையில் 'இடது' என்றால் பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் இடது. கதவும் நாற்காலியும் எங்கே வரும் என்று தரையில் வண்ண டேப் ஒட்டிக் குறித்திருக்கிறார்கள். இல்லாத கதவைத் திறந்து மூடிக் கை பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், நடிப்பைவிடப் பின்மேடை வேலைதான் பிடித்துப்போனது: விளக்கு, திரை, பொருள்களை எடுத்துக் கொடுப்பது. கூச்சப்படுபவர்கள் அங்கே சேரலாம், ஆள் எப்போதும் பற்றாக்குறைதான்.

அப்புறம், நாடகம் நெருங்கினால் ஒத்திகை தினமும் உண்டு. அந்த வாரம் நடனத்துக்கு லீவு சொல்லிவிட்டேன்.