மறு: டே டைம் ரன்னிங் லைட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். ஓட்டுநர் பயிற்சிக் கையேட்டுக்காக நாம் பெயர் தேடுவது, பகலில் காரின் முன்பக்கம் தானாக எரிகிற டே டைம் ரன்னிங் லைட்டுக்கு.

> "பகல்நேர ஓடும் விளக்கு" என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம் ஐயா. ஆனால் ஓடும் விளக்கு என்றால் நம் ஊரில் கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் செட்டுதான் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அந்த 'ரன்னிங்' கப்பல்காரர்களிடமிருந்து வந்தது, கப்பல் ஓட்டத்தில் இருக்கும்போது எரிய வேண்டிய அடையாள விளக்குகளுக்கு அந்தப் பெயர். காருக்கு அது ஒட்டவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இந்த விவாத இழையில் மூன்று வேறு சாமான்களை ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். இதெல்லாம் விபத்தைக் குறைக்கிறதா இல்லையா என்று மேலே நடந்த சண்டையும் பாதி அதனால்தான்.

முதலில் பைக், ஸ்கூட்டர். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் வருகிற புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கிற ஸ்விட்சே கிடையாது, இன்ஜின் ஓடினால் விளக்கும் எரியும். பத்திரிகைகள் இதைத் 'தானியங்கி முகப்பு விளக்கு' என்று எழுதின. அதில் தானாக இயங்குவது எதுவும் இல்லை, வெளிச்சத்தையோ இருட்டையோ அது பார்ப்பதே இல்லை, ஸ்விட்சைப் பிடுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடிக் காட்டுவார்கள், "லைட்டு எரியுது, அணை" என்று. அணைக்க வழியில்லை என்று ஓடுகிற வண்டியிலிருந்து எத்தனை பேருக்குச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். இப்போது அந்தக் கைச்சாடை அநேகமாக ஒழிந்துவிட்டது. இதற்கு 'அணையா முகப்பு விளக்கு' என்பது என் பரிந்துரை. கோயில் விளக்கு மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்வீர்கள், இருக்கட்டும். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்கு (கோயிலில் அணையாமல் எரிகிற விளக்கு) எரிய, நெய்க்காக 96 ஆடு விட்டார்கள், இங்கே பெட்ரோல்.

இரண்டாவது, காரின் முகத்தில் புருவம் மாதிரி வெள்ளையாக எரிகிற எல்இடி. நாம் பெயர் தேடுவது இதற்குத்தான். இது சாலையைக் காட்டுகிற விளக்கு இல்லை, காரைப் பிறருக்குக் காட்டுகிற விளக்கு. ஐ.நா.வின் 87ஆம் வாகன விதிமுறைப்படி இதன் ஒளி 400 கேண்டெலாவுக்கு (விளக்கின் ஒளிச்செறிவை அளக்கிற அலகு) குறையக் கூடாது, 1200ஐத் தாண்டவும் கூடாது. வெயிலில் கண்ணில் படும், ஆனால் இருட்டில் இதை நம்பி ஓட்ட முடியாது. பெரும்பாலான கார்களில் இது மட்டும் எரியும்போது பின்பக்கம் ஒரு விளக்கும் எரியாது.

> "தெரிவிளக்கு" அழகாக இருக்கிறதே

அழகுதான் அக்கா, ஆனால் யாருக்குத் தெரிய? ஓட்டுகிறவருக்குச் சாலை தெரியவா, எதிரே வருகிறவருக்கு வண்டி தெரியவா? ஓட்டுநர்கள் தடுமாறுவதும் அதே இடத்தில்தான். பளிச்சென்று தெருவிளக்கு எரிகிற ஊருக்குள் ராத்திரி எட்டு மணிக்கு ஒருவர் காரை எடுக்கிறார். டேஷ்போர்டு எப்போதும்போல ஒளிர்கிறது, முன்னால் கொஞ்சம் வெள்ளை வெளிச்சமும் விழுகிறது, 'லைட்டு போட்டிருக்கேன்' என்று நினைத்துக்கொண்டு அப்படியே பைபாஸ் ஏறிவிடுகிறார். பின்னால் வருகிற லாரிக்கு அந்தக் கார் கண்ணிலேயே படாது. கனடா இந்த விளக்கை 1989 டிசம்பரிலிருந்தே புது வண்டிகளுக்குக் கட்டாயமாக்கிய நாடு. இப்படிப் பின்பக்கம் இருண்டு ஓடுகிற கார்கள் அங்கே பெரிய தொல்லையாகி, கடைசியில் 2021 செப்டம்பரில் இருந்து புது வண்டிகளுக்கு இன்னொரு விதி போட்டார்கள். ஒன்று, முன்னால் எரிந்தால் பின்விளக்கும் எரிய வேண்டும். அல்லது இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும். அதுவும் இல்லையென்றால், இருட்டில் விளக்குப் போடாத ஓட்டுநருக்கு டேஷ்போர்டு இருண்டு கிடக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது 'பகல் முன்னொளி'. பகலுக்கு மட்டும், முன்பக்கம் மட்டும் என்று இரண்டும் பெயரிலேயே இருக்கிறது. விளக்கு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன், 'விளக்கு போட்டாச்சு' என்ற எண்ணமே வரக் கூடாது. லேம்ப் என்றால் விளக்கு, லைட் என்றால் ஒளி என்று அகராதி ஒழுங்கு பேசுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பயிற்சிக் கையேட்டைப் படிக்கப் போவது அகராதிக்காரர்கள் இல்லை, எல்எல்ஆர் வாங்கிவிட்டு வருகிற பிள்ளைகள்.

மூன்றாவது, ஸ்டியரிங் பக்கத்துத் தண்டில் 'ஆட்டோ' என்று திருப்பி வைத்தால் இருட்டியதும் தானாக எரிகிற ஹெட்லைட். இதற்கு 'ஒளியுணர் முகப்பு விளக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. நான் 'இருளுணர்' என்று மாற்றச் சொல்வேன், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது இருட்டு ஒன்றுதான். ஐரோப்பிய விதியில் சுற்றுப்புற வெளிச்சம் 1000 லக்ஸுக்கு (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கிற அலகு) கீழே போனால் இரண்டு நொடிக்குள் எரிய வேண்டும், 7000க்கு மேல் போனால் அணைய வேண்டும், இடைப்பட்டதில் கம்பெனி இஷ்டம். இப்போது ஊட்டி மலைப்பாதையில் காலை பத்து மணிப் பனிமூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது, ஆனால் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று வெளிச்சம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சென்சார் 'பகல்தானே' என்று சும்மா இருந்துவிடும். முன்னால் முன்னொளி, பின்னால் ஒன்றுமில்லை. கொட்டுகிற மழையிலும் இதே கதைதான். வைப்பரோடு சேர்த்து இணைத்த கார்களில் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. ஆட்டோவில் வைத்தால் கவலை விட்டது என்று விற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பனியிலும் மழையிலும் கையால்தான் போட வேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டும்.

சரி, பாதுகாப்பு உண்டா இல்லையா? பகலில் விளக்குப் போட்டு ஓட்டும் சட்டம் வட ஐரோப்பாவில் தொடங்கியது. பின்லாந்தில் 1972இல் குளிர்காலத்துக்கும் ஊருக்கு வெளியேயான சாலைகளுக்கும் மட்டும், ஸ்வீடனில் 1977இல் எல்லோருக்கும். சூரியன் அடிவானத்தை ஒட்டியே கிடக்கிற, அந்தி நீண்டுகொண்டே போகிற நாடுகள், அங்கே அது சரியான யோசனை. ஆஸ்திரியா 2005 நவம்பரில் கொண்டுவந்து 2008 தொடக்கத்தில் திரும்ப எடுத்துவிட்டது. எல்லாக் காரும் விளக்கோடு வந்தால் நடப்பவரும் சைக்கிள்காரரும் அதில் அமுங்கிப் போவார்கள் என்ற வாதம் அங்கே வலுவாக இருந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2008இல் வெளியிட்ட ஆய்வில் மொத்த விபத்துகளில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஆக, கார்களைப் பொறுத்தவரை நான் பெரிதாக எதிர்பார்க்க மாட்டேன், உச்சி வெயிலடிக்கிற நம் ஊரில் இன்னும் குறைவாகத்தான் எதிர்பார்ப்பேன்.

பைக் வேறு கணக்கு. எதிரிலிருந்து பார்த்தால் அது ஒரு கோடு, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. புளியமரங்கள் இன்னும் மிச்சமிருக்கிற பழைய சாலைகளில் நிழலும் வெயிலும் திட்டுத்திட்டாக விழும், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் நிழலுக்குள் புகுந்துவிட்டால் அந்த ஹெட்லைட்தான் அவரைக் காட்டிக் கொடுக்கும். ஓவர்டேக் எடுக்கப்போய், அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்ப உள்ளே வந்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். அதனால் அணையா விளக்கு இருக்கட்டும், ஹைபீமில் அணையாமல் எரிவதைத்தான் நிறுத்த வேண்டும். ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டிய காலம் எவ்வளவோ மேல். (இது விவாதத்துக்கு வெளியே, மட்டுறுத்துநர் மன்னிக்கவும்.)

கையேட்டுக்கு நான் எழுதிய வரையறை: 'பகல் முன்னொளி – பகலில் வண்டி பிறர் கண்ணில் படுவதற்காக முன்பக்கம் மட்டும் தானே எரியும் ஒளி. பெரும்பாலான வண்டிகளில் இதனுடன் பின்விளக்கு எரியாது. இரவிலும் பனியிலும் மழையிலும் இது போதாது.' சில கார்களில் பின்னாலும் சேர்ந்து எரியும், அதற்காகத்தான் 'பெரும்பாலான'. இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து முன்னொளி அணைவதையோ மங்குவதையோ ஃபியூஸ் போய்விட்டது என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் உண்டு, அதையும் ஒரு வரி சேர்க்கலாமா? மஞ்சள் விளக்கு வெள்ளையில் அமுங்கிவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் தாழொளி, மேலொளி என்று போட்டு, அடைப்புக்குள் டிம், பிரைட் என்றும் வைத்திருக்கிறேன், பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள், அப்புறம் அச்சுக்குப் போய்விடும்.