உடற்பயிற்சி நிலையத்துக் கண்ணாடி பிள்ளைகளுக்கு நன்மையா, தீமையா?

வாவிக்கரை ரீச்சர்:
"பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புங்கள், தன் உடம்பைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை தானாகப் போய்விடும்" என்று கல்லடியான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பதினெட்டு வருடமாக மட்டக்களப்பில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறேன். விளையாட்டின் மகிழ்ச்சிக்காக ஓடுகிற பிள்ளைக்குத் தன் உடம்பு பிடித்துப்போகிறது. மெலிய வேண்டும், தசை ஏற வேண்டும் என்பதற்காக மட்டுமே ஓடுகிற பிள்ளையோ நாளுக்கு நாள் தன்னிடம் புதிய குறையைக் கண்டுபிடிக்கிறது. இப்போது திறக்கப்படும் உடற்பயிற்சி நிலையங்களில் சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி பதிக்கிறார்கள். கேடு தொடங்குவது அந்தக் கண்ணாடியில்தான்.

கல்லடியான்:
ரீச்சர், பாரம் தூக்கும்போது முதுகு வளைகிறதா, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பார்ப்பதற்காகவே கண்ணாடி வைக்கிறோம். பாடசாலையில் என்னை "ஈர்க்குச்சி" என்றுதான் கூப்பிட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்திருப்பேன். இன்றைக்குக் கல்லடிக் கடற்கரையில் சட்டையில்லாமல் ஓடுகிறேன் என்றால், அந்தத் துணிவைத் தந்தது பயிற்சியும் அந்தக் கண்ணாடியும்தான். கண்ணாடியைப் பழிக்காதீர்கள்.

வாவிக்கரை ரீச்சர்:
உங்கள் ஒருவரின் கதையை ஊருக்கே சட்டமாக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டு வெளியான கனடிய ஆய்வொன்றில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பெண்கள், கண்ணாடி முன்னால் பயிற்சி செய்தபோது கண்ணாடி இல்லாமல் செய்ததைவிட மோசமாக உணர்ந்தார்கள். எவ்வளவு தசை ஏறினாலும் தான் மெலிந்தவனே என்று நம்பி வருந்தும் நிலையை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் ஒரு மனக்கோளாறின் வகையாகவே சேர்த்திருக்கிறது. பயிற்சியால் உடல் பற்றிய திருப்தி கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், அது சிறிதளவே கூடுகிறது என்றுதான் சொல்கிறார்கள். "தானாகப் போய்விடும்" என்று நீங்கள் எழுதியது எந்தக் கணக்கில்?

சம்மாந்துறையான்:
இருவரும் நகரத்துக் கண்ணாடியை விட்டு வெளியே வாருங்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரையானவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகளை மைதானத்திலிருந்து இழுத்து வந்தது "வெயிலில் கறுத்துப்போவாய், பிறகு யார் கட்டுவான்" என்ற உறவினரின் பேச்சு. அதைப் பற்றி ஒரு வரி எழுத உங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

கல்லடியான்:
அந்த ஆய்வில் இருந்தவர்கள் பயிற்சிக்கே புதியவர்கள் என்று ரீச்சரே எழுதிவிட்டார். நாலு மாதம் பழகிய பையனுக்கு அது எப்படிப் பொருந்தும்? உடம்பு உண்மையில் எவ்வளவு மாறியது என்பதைவிட, தனக்கு வலு வந்துவிட்டது என்ற உணர்வே மனத்தை மாற்றுகிறது என்று அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதை ஏன் மறைத்தீர்கள்? சென்ற வருடம் மைதான விளக்குப் பிரச்சினையிலும் உங்களுக்குச் சாதகமானதை மட்டுமே எடுத்துப் பேசினீர்கள். நான் மறக்கவில்லை.

திருக்கோவில் மாணவி:
எங்களுக்குக் கண்ணாடி இருக்கவில்லை. பயிற்றுநர் எல்லோருக்கும் முன்னால் தராசில் ஏற்றி நிறையை உரத்து வாசித்தார். நான் அந்த வாரத்தோடு கபடியை விட்டுவிட்டேன்.

வாவிக்கரை ரீச்சர்:
தங்கச்சி, அந்தத் தராசும் ஒரு கண்ணாடிதான். சம்மாந்துறை நானா, நீங்கள் சொன்ன கறுப்பு வெள்ளைப் பேச்சை நானும் ஒவ்வொரு வருடமும் பெற்றோரிடம் கேட்டுச் சண்டை பிடிக்கிறேன்; மனம் வரவில்லை என்று சொல்லாதீர்கள். கல்லடியான், வலு வந்துவிட்டது என்பதைக் காலும் மூச்சும் சொல்லும், அதற்குச் சுவரில் கண்ணாடி தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த வெபர் அடிகளார் இந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கியபோது சுற்றிவரக் கண்ணாடியா பதித்தார்? விளக்குப் பிரச்சினையில் நான் சொன்னது இன்றைக்கும் சரிதான்.

கல்லடியான்:
அடிகளாரின் காலத்தில் பிள்ளைகளின் கையில் கைபேசியும் இருக்கவில்லை. ஒவ்வொரு நிமிடமும் வடிகட்டிய முகங்களையும் வயிறுகளையும் காட்டுகிற அந்தத் திரையை விட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி காட்டுகிற கண்ணாடியைக் குற்றம் சொல்கிறீர்கள்.

வாவிக்கரை ரீச்சர்:
அந்தக் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் பையன்கள் படமெடுப்பது எதன் முன்னால் நின்று? உங்கள் கண்ணாடியின் முன்னால்தான். முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.

கல்லடியான்:
எழுதியாயிற்று. முதுகு வளைகிறதா என்று பார்ப்பதற்குத்தான் கண்ணாடி. எங்கள் நிலையத்தில் ஒன்றைக்கூடக் கழற்ற மாட்டோம்.