மறு: கான்செப்ட் மேப்புக்கு ஒரு சொல் – கருத்துப்பின்னல் சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளில் மடல்கள் குவிந்துவிட்டன. தனித்தனியாக எழுத முடியவில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கம்: ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்காக ஆறு வார இணையப் பாடம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அறிவியல் பாடத்தில் வரும் கருத்துகளைக் கட்டங்களில் எழுதி, கட்டங்களுக்கு இடையே அம்புக்குறி இழுத்து, அந்த அம்பின்மேல் ஒரு சொல்லையும் எழுதி, எது எதோடு எப்படிச் சேர்கிறது என்று படமாக்கிப் படிக்கும் முறை. கான்செப்ட் மேப் என்கிறார்கள். முதல் காணொளியின் முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். இதற்கு என்ன பெயர் சொல்வது?

> மனவரைபடம் என்று பள்ளிக்கூடங்களில் ஏற்கெனவே புழங்குகிறதே ஐயா. இருக்கிற சொல்லை விட்டு எதற்கு இன்னொன்று?

நல்ல கேள்வி. நம் ஊரில் படைப்பாற்றல் கல்வி வந்த நாளிலிருந்து மனவரைபடம் ஆசிரியர்களின் பாடக்குறிப்பில் ஒரு படிநிலையாகவே உட்கார்ந்துவிட்டது. அதில் நான் கைவைக்கப் போவதில்லை. ஆனால் அது மைண்ட் மேப்புக்கான சொல். நடுவில் ஒரு தலைப்பு, அதிலிருந்து நாலா பக்கமும் கிளை, கிளைக்கு ஒரு சொல், முடிந்தால் வண்ணம், படம். ஆங்கில எழுத்தாளர் டோனி பூசான் 1974இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் வழியாகப் பரப்பியது இந்த வகைதான்.

கான்செப்ட் மேப்பின் பிறப்பு வேறு. 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் நோவாக்கும் அவருடைய குழுவும், சிறுவர்களின் அறிவியல் புரிதல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று அவர்களிடம் பேசிப் பேசிப் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். கட்டுக்கட்டாகப் பேச்சுப் பதிவுகள் சேர்ந்தன. அதில் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது. குழந்தைக்குத் தெரிந்ததைக் கட்டமும் கோடுமாக வரைந்து பார்த்தால் என்ன என்று தொடங்கியதுதான் இது. மாணவர் ஏற்கெனவே அறிந்திருப்பதில் இருந்துதான் புதியது ஒட்டும் என்ற உளவியலாளர் டேவிட் ஆசுபெல்லின் கொள்கை இதற்கு அடித்தளம். இதில் கிளை முக்கியமில்லை. கோட்டின்மேல் எழுதும் சொல்தான் உயிர். அந்தச் சொல் இல்லாவிட்டால் 'இதற்கும் அதற்கும் ஏதோ சம்பந்தம்' என்பதோடு நின்றுவிடும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பையன்கள் கோட்டை மட்டும் இழுத்துவிட்டுச் சொல்லை எழுதாமல் விடுவார்கள். வெள்ளோட்டத்தில் பதினொரு பேரிடம் 'மனவரைபடம் போடுங்கள்' என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்பது பேர் நடுவில் சூரியன் மாதிரி ஒரு வட்டம் போட்டுக் கதிர் இழுத்துக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை, கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

> கருத்து வரைபடம் என்று பாடநூலிலேயே வருகிறது. அல்லது கருத்துப்படம் என்று சுருக்கலாம்.

கருத்துப்படம் என்றால் நாளிதழில் அரசியல்வாதியின் மூக்கை நீட்டிப் போடும் படம். அதை விட்டுவிடுவோம். கருத்து வரைபடத்தில் எனக்கு இருக்கும் சிக்கல் இரண்டு. பாடநூலில் அந்தப் பெயரில் நான் பார்த்தவை பெரும்பாலும் கிளை அட்டவணைகள், கோட்டில் சொல் கிடையாது. இரண்டாவது, வரைபடம் என்ற சொல் ஏற்கெனவே சுமை தாங்காமல் தவிக்கிறது. சமூக அறிவியலில் 'வரைபடத்தில் குறிக்கவும்' என்றால் மேப். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு மதிப்பெண் வரைபடம் என்றால் கிராஃப். இன்னும் எத்தனையைத்தான் அதன் தலையில் ஏற்றுவது?

> எங்கட பக்கம் கிராஃபுக்கு வரைபு, மேப்புக்குத் தேசப்படம். அதால அந்தக் குழப்பம் இல்லை. இதுக்கு எண்ணக்கரு வரைபடம் எண்டுதான் படிப்பிக்கிறம்.

அண்ணா, இந்த விஷயத்தில் உங்கள் ஊர்ச் சொற்கள் எங்களுடையதைவிடத் துல்லியம், மறுக்கவில்லை. வரைபு என்ற சொல்லை நாங்கள் அப்போதே எடுத்துக்கொண்டிருக்கலாம். எண்ணக்கருவும் அழகான சொல். இங்கே உள்ள மாணவருக்கு அது புதிது என்பதால்தான் தயங்குகிறேன். ஒரு புதுச்சொல்லைப் புரியவைக்க இன்னொரு புதுச்சொல்லை விளக்க வேண்டிவந்தால் ஐந்து நிமிடக் காணொளி தாங்காது. உங்கள் மாணவர்களும் பார்ப்பார்கள் என்பதால் முதல் பாடத்தில் 'இலங்கையில் எண்ணக்கரு வரைபடம் என்பார்கள்' என்று கட்டாயம் சொல்கிறேன்.

> கருத்துக்கோலம்! புள்ளி, கோடு, எல்லாம் நம்முடையது.

இதைப் படித்ததும் எனக்கும் ஒரு துள்ளல்தான். புள்ளி என்றால் கருத்து, இழை என்றால் தொடர்பு என்று அப்படியே பொருந்துவதுபோல இருந்தது. என் அம்மாவிடம் சொன்னேன். 'சிக்குக்கோலத்துல இழை புள்ளியத் தொடவே தொடாதுடா, சுத்திக்கிட்டுத்தான் போகும்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். புள்ளியைச் சேர்த்து இழுக்கும் கோலமும் உண்டு என்று வாதாடலாம்தான். ஆனால் கோலத்தில் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்பது நம் கண்ணுக்குப் பழகிவிட்டது. இந்தப் படமோ கோணல்மாணலாகத்தான் வரும், வர வேண்டும். கோலம் என்று பெயர் வைத்தால் அழகுக்காகத் தொடர்பை வளைப்பார்கள்.

ஆக, கருத்துப்பின்னல். பின்னு என்ற வினை நமக்குக் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஈர்ப்பு. 'வரைபடம் வரைக' என்பதைவிட 'இந்தப் பாடத்தைப் பின்னிப் பார்' என்பது செய்யச் சொல்வதுபோல இருக்கிறது. சரியாக வராவிட்டால் அவிழ்த்துத் திரும்பப் பின்னலாம், சிக்கு விழுந்தால் எடுக்கலாம். சொல்லோடு சேர்ந்து ஒரு குடும்பமே வருகிறது. கேலி செய்வார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சடைப்பின்னல் என்று சிரிப்பார்கள், சரி. 'பின்னிட்டேன் சார்' என்று ஒருவன் சொன்னால் அதைவிட எனக்கு என்ன வேண்டும்? பின்னத்தோடு குழம்புமோ என்ற அச்சம் தேவையில்லை, கணக்கு வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். சொல்லைவிட இது பெரிய தலைவலி.

நோவாக்கின் முறையில் ஒரு கட்டம், அம்பு, அடுத்த கட்டம் ஆகிய மூன்றையும் வரிசையாகப் படித்தால் ஒரு வாக்கியம் ஆக வேண்டும். ஆங்கிலத்தில் வினை நடுவில் வருவதால் அது அம்பின்மேல் ஜம்மென்று உட்கார்ந்துவிடுகிறது. நமக்கு வினை கடைசியில். 'தாவரம் – கொண்டுள்ளது – வேர்', 'இதயம் – செலுத்துகிறது – இரத்தம்' என்று எழுதவைத்தால் தமிழா அது? மாணவர்களுக்கு எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் இடிப்பது தெரியும். அதனால் எல்லா அம்பிலும் 'ஆகும்' என்று எழுதித் தப்பிக்கிறார்கள்.

அம்பின்மேல் 'எதனால்', 'எதற்கு' என்று கேள்வியை எழுதலாம் என்று யோசித்தேன். பரவாயில்லை, ஆனால் வினாத்தாள் வாடை அடிக்கிறது. 'காரணம்', 'விளைவு', 'வகை' என்று பெயர்ச்சொல் போடலாம். நாலைந்து சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும், பையன்களும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் தற்செயலாக ஒரு பெண் எழுதியதைப் பார்த்தேன். வேர், அம்பு, நீர். அம்பின்மேல் 'உறிஞ்சும்' என்று எழுதியிருந்தாள். வேர் உறிஞ்சும் நீர்! படித்துப் பாருங்கள், துளிகூட உறுத்தவில்லை. இலை தயாரிக்கும் உணவு. இதயம் செலுத்தும் இரத்தம். வெப்பம் உண்டாக்கும் ஆவி. பெயரெச்சம் போட்டால் வினை தானாக நடுவுக்கு வந்துவிடுகிறது. இலக்கண வகுப்பில் தூங்கியதற்கு இப்போது வருந்துகிறேன்.

இது வாக்கியமே ஆகவில்லை, சொற்றொடர்தான் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வீர்கள். உண்மை. ஆனால் 'செய்யும்' வடிவம் வினைமுற்றாகவும் வரும், 'வேர் உறிஞ்சும்' என்று அங்கேயே நிறுத்தினாலும் நிற்கும். எதை என்று கேட்டால் அடுத்த கட்டம் பதில் சொல்கிறது. எனக்கு அது போதும். வேற்றுமை உருபு வேண்டிய இடத்தில் அதையும் அம்பிலேயே ஏற்றிவிடலாம்: பாம்பு, அம்பின்மேல் 'க்கு இல்லாத', அடுத்து கால். பாலூட்டி, 'வகையைச் சேர்ந்த', வௌவால். உருபைத் தனியாகப் பிய்த்து எழுதுவது பார்க்க விநோதம்தான், ஆனால் மாணவர்கள் அதை விளையாட்டுபோல எடுத்துக்கொண்டார்கள்.

எனவே அம்புக்கு இழை, அதன்மேல் எழுதுவதற்கு இழைச்சொல் என்று வைத்திருக்கிறேன். இணைப்புச்சொல் என்றால் ஆனால், ஆகவே, எனவே என்று இலக்கணத்துக்குப் போய்விடும். மடல்தொடரையும் நாம் இழை என்றுதான் சொல்கிறோம், அதனால் குழப்பம் வருமா என்று கேட்டிருந்தார்கள். வராது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மடலாடற்குழுவில் இல்லை. படத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவும் தொடர்புக்கு 'ஊடிழை' என்று ஒருவர் பரிந்துரைத்தார். தறிப்பக்கம் வளர்ந்தவர் போலும். அழகு, ஆனால் அது நெசவு, நாம் பின்னிக்கொண்டிருக்கிறோம். சாதாரணமாகக் குறுக்கிழை என்றே விடுகிறேன்.

பாட அமைப்பைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். மென்பொருள் கிடையாது, கைப்பேசித் திரையில் கட்டம் இழுப்பது கொடுமை. தாளும் பென்சிலும், முடித்ததும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் இழைச்சொல் பயிற்சி மட்டும். நான்காம் வாரத்திலிருந்து ஒரு கட்டாய விதி: புத்தகத்தை மூடிவிட்டுத்தான் பின்ன வேண்டும். இது என் கண்டிப்புக் குணத்தால் வந்ததல்ல. 2011இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்பிக்கியும் பிளண்டும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்துக் கான்செப்ட் மேப் வரைந்தவர்களைவிட, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. கடைசித் தேர்வே கான்செப்ட் மேப் வரைவதாக இருந்தபோதும் அவர்கள்தான் முந்தினார்கள். இந்த முறையைக் கற்றுக்கொடுக்க வந்தவன் இதை மறைத்தால் நியாயமில்லை. பார்த்துப் பின்னினால் பாதிப் பயன், பார்க்காமல் பின்னி, பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போன இழையைச் சிவப்பு மையில் போடச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. கட்டத்துக்குள் இருக்கும் கருத்து, அதாவது நோடு. கணு என்று தாவரவியலிலும் இயற்பியலிலும் ஏற்கெனவே படிக்கிறார்கள். எனக்கு முடிச்சு பிடித்திருக்கிறது. பின்னலோடு சேரும், நோடு என்பதற்கு மூலமான லத்தீன் சொல்லுக்கும் முடிச்சு என்றுதான் பொருள். ஆனால் 'முடிச்சு' என்றதும் சிக்கல் என்ற நினைப்பு வருகிறதே என்று வீட்டில் சொல்கிறார்கள். கணுவா, முடிச்சா? வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை காலை குரல்பதிவு.

அன்புடன்