ஓப்பன் டபிள்யூஆர்டி 21.02 க்கு மாற்றியபின் யூஎஸ்பி லைற் எரியவில்லை, உதவி தேவை

மல்லாவியிலிருந்து:
வணக்கம். அம்மாவின் கொமினிகேஷன் கடை ரவுட்டரில் ஓப்பன் டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் மென்பொருள்) போட்டிருக்கிறேன். இன்ரநெற் இருந்தால் யூஎஸ்பி லைற்றைப் பச்சையாக எரியவைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு) ஓடுகிறது. றீலோட் போட வருகிற சனத்துக்கு அம்மா அந்த லைற்றைப் பார்த்துத்தான் "இப்ப போடலாம்" என்று சொல்லுவார். 19.07 பதிப்பிலிருந்து 21.02 பதிப்புக்கு மாற்றியபின் அந்த லைற் எரியவே இல்லை. வைஃபை நன்றாக வேலை செய்கிறது. ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் அப்படியொரு கோப்பே இல்லை என்கிறது. லைற் பழுதா?

கிளிநொச்சியிலிருந்து:
பழுதாக இராது தம்பி, பெயர் மாறியிருக்கும். சிஸ், அதற்குள் கிளாஸ், அதற்குள் லெட்ஸ் என்ற கோப்புறையில் உள்ள பெயர்களைப் பார்த்து இங்கே போடுங்கோ.

மல்லாவியிலிருந்து:
கிரீன்:யூஎஸ்பி, கிரீன்:வான் (வான் என்பது இன்ரநெற் வருகிற பக்கம்), ஆரஞ்ச்:வான், ஏடிஎச்9கே-ஃபை0. ஸ்கிரிப்டில் இருப்பது கம்பனிப் பெயரோடு, அதாவது கம்பனி:கிரீன்:யூஎஸ்பி.

கிளிநொச்சியிலிருந்து:
அதுதான் விசயம். லினக்ஸில் லைற்றின் பெயர் மூன்று துண்டு: கருவி, நிறம், வேலை. நடுவில் முக்காற்புள்ளி. ஒரே ரவுட்டருக்குள் கம்பனிப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை என்று 21.02 இல் பல கருவிகளுக்கு முதல் துண்டை எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் சொல்லுவேன், ஒரே ஸ்கிரிப்ட் பல கருவிகளில் ஓடும். மேம்படுத்தும்போது சிஸ்டம் அமைப்பில் உள்ள லைற் பெயர்கள் பெரும்பாலும் தானாகத் திருந்தும், நாங்கள் எழுதிய ஸ்கிரிப்டை அது தொடாது. பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி (அந்த இடத்தில் எது இருந்தாலும் பொருந்தும்) போட்டு *கிரீன்:யூஎஸ்பி என்று எழுதினால் பழையதும் பிடிபடும், புதியதும் பிடிபடும். ஏடிஎச்9கே என்பது வைஃபை ட்ரைவர் தானே வைத்த பெயர், அதை விட்டுவிடுங்கோ.

ஒட்டுசுட்டானிலிருந்து:
இன்னொன்று தம்பி. அந்த லைற்றுக்கு யூஎஸ்பி ட்ரிகர் (லைற்றைத் தானாக எரியவும் அணையவும் வைக்கும் அமைப்பு) போட்டிருந்தால் ஸ்கிரிப்ட் சொல்வது நிலைக்காது. முதலில் ட்ரிகரை 'நன்' (ஒன்றுமில்லை) ஆக்கிவிட்டு, பிறகு லைற்றின் பிரைட்னஸ் கோப்பில் 1 எழுதுங்கோ. அப்புறம், வான் லைற் பார்க்க ஒன்று, உள்ளே பச்சையும் ஆரஞ்சும் தனித்தனி. இன்ரநெற் இல்லாதபோது ஆரஞ்சை எரியவிட்டால் அம்மாவுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

மல்லாவியிலிருந்து:
நட்சத்திரம் போட்டதும் எரிகிறது! ட்ரிகரும் மாற்றியாயிற்று. ஆரஞ்ச்:வானையும் சேர்த்துவிட்டேன், இன்ரநெற் தரும் டொங்கிளைக் கழற்றிப் பார்த்தபோது சரியாக நிறம் மாறியது. இரண்டு அண்ணைமாருக்கும் மிக்க நன்றி.